வோல்கோகிராடில் பிப்ரவரி 2: மரியாதை யாருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும்?

வோல்கா_டாக்டர்:

இன்னும் சில நாளில் பிப்ரவரி 2 வருகிறது. 1943-இல் ஸ்டாலின்கிராட் போர் முடிந்த நாள். ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் இன்றைய வோல்கோகிராட்தான் அன்றைய ஸ்டாலின்கிராட்; இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையைச் சோவியத் படை அங்கே முறியடித்தது. நான் வோல்கோகிராடில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன். அங்கே படித்த நம் ஆட்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை எழுதிக் கேட்கலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013-இல் போர் முடிந்து 70 ஆண்டு. ஊரே ஒரு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. நகர மன்றம் அப்போதுதான் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் ஊரை 'வீர நகரம் ஸ்டாலின்கிராட்' என்று அழைப்பதாகத் தீர்மானம் போட்டிருந்தது. வீழ்ந்த போராளிகள் சதுக்கத்தில் அணிவகுப்பு, பழைய டி-34 டாங்கி. போரில் இருந்த தாத்தாக்கள் கோட்டு முழுக்கப் பதக்கத்தோடு, மடியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு சிவப்புக் கார்னேஷன் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பூ வாங்கிய ஒரு தாத்தாவை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டுக்கார அம்மாவின் தாயாரும் இருந்தார். பாட்டிக்கு 1942-இல் ஏழு வயது. ஆகஸ்ட் 23 ஞாயிற்றுக்கிழமை விமானங்கள் வந்து ஊரைக் கொளுத்தியபோது அங்கேதான் இருந்தார்கள். வீடு போய்விட்டது. அதற்கப்புறம் போர் முடியும் வரை ஓடைச் சரிவில் தோண்டிய குழியில் அம்மா, தம்பியோடு இருந்திருக்கிறார். தானியக் கிடங்கு எரிந்த இடத்திலிருந்து கரிந்த கோதுமையைப் பொறுக்கி வந்து வேகவைத்துத் தின்றோம் என்று சொல்வார். தம்பி ஜனவரி வரை இருக்கவில்லை.

சதுக்கத்திலிருந்து திரும்பும் வழியில் பாட்டிக்குப் பூ வாங்கினேன். நான்கு கார்னேஷன் கேட்டேன். பூக்காரம்மா கட்டாமல் கையில் வைத்துக்கொண்டு "உயிரோடு இருப்பவருக்கா, கல்லறைக்கா?" என்று கேட்டார். அங்கே உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ, இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. இன்னொன்று சேர்த்து ஐந்தாகக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கொடுத்தால், பாட்டி வாங்கிக்கொண்டு, "நான் போர் செய்தவள் இல்லையே தம்பி, இன்றைக்கு எனக்கு எதற்கு?" என்றார். மறுப்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஒரு நகரம் தன் போர்வீரர்களுக்கு மரியாதை செய்யும் நாளில், அந்தக் குழிக்குள் இருந்தவர்களுக்கு என்ன இடம்? அந்த மரியாதை அவர்களுக்கும் உரியது என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய_ஹவில்தார்:

தம்பி, படித்தேன், மனசு கனத்துப் போச்சு. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் பட்டாளத்தில் 22 வருடம் இருந்தவன். பாட்டி பட்ட துன்பம் பெரிது, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் துன்பப்பட்டது வேறு, போய் நின்றது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டுக்கும் மரியாதை குறைந்துவிடும் என்பது என் கருத்து.

1942 செப்டம்பர் 14 ராத்திரியை நினைத்துப் பார். ஜெர்மன்காரன் ரயில் நிலையம் வரை வந்துவிட்டான், ஆற்றங்கரைக்குச் சில நூறு மீட்டர்தான் பாக்கி. அப்போது சோவியத் தளபதி ரொதிம்ட்சேவின் 13-வது கார்டு டிவிஷன் வோல்காவின் கிழக்குக் கரையிலிருந்து படகில் ஏறுகிறது. எதிர்க்கரை எரிகிறது, ஆற்றின் மேல் குண்டு விழுகிறது, எல்லாம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. தெரிந்தே ஏறினார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் போன அந்த டிவிஷனில் கடைசியில் மிஞ்சியவர்கள் ரொம்பக் கொஞ்சம். சோவியத் தரப்பில் மட்டும் போர் நடந்த 200 நாளில் இறந்தவர், காணாமல் போனவர் 4,78,000-க்கு மேல். காயம்பட்டவர், நோயில் விழுந்தவர் இன்னும் ஆறரை லட்சம். அந்த ஒரு நாளாவது அவர்களுக்கென்று தனியாக இருக்கட்டும்.

வரலாற்று_டீச்சர்:

ஹவில்தார் சார், உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள். ஆனாலும் இந்தப் போரில் மட்டும் போர் செய்தவர், செய்யாதவர் என்று அப்படி நேராகக் கோடு போட முடியாது.

ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் 16-வது பான்சர் (டாங்கி) டிவிஷன் ஊரின் வடக்கே வோல்காவைத் தொட்டபோது அதை எதிர்த்து நின்றது 1077-வது விமான எதிர்ப்புப் படைப்பிரிவு. அதில் பெரும்பாலும் இளம்பெண்கள், பலர் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். வானத்தை நோக்கிச் சுடுவதற்கென்று இருந்த பீரங்கியைத் தரைக்குத் தாழ்த்தி டாங்கிகளைச் சுட்டார்கள். கடைசியில் 37 பீரங்கி இடங்களும் அழிந்தன. அவர்களாவது சீருடையில் இருந்தார்கள். பக்கத்திலேயே டிராக்டர் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு முன்னணிக்குப் போனார்கள். இவர்களை எந்தப் பக்கம் வைப்பது?

சோவியத் அரசுகூட அப்படிக் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. 'ஸ்டாலின்கிராட் பாதுகாப்புக்காக' என்ற பதக்கத்தை 1942 டிசம்பர் 22 அன்று, போர் முடிவதற்கு முன்பே ஏற்படுத்தினார்கள். பாதுகாப்பில் நேரடியாகப் பங்கெடுத்த பொதுமக்களுக்கும் அது உண்டு என்று விதியிலேயே இருந்தது. மொத்தம் ஏழரை லட்சம் பேருக்கு மேல் பெற்றார்கள்.

அப்புறம் அந்த வாள். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் செய்து அனுப்பிய வாளை 1943 நவம்பரில் தெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் ஸ்டாலினிடம் கொடுத்தார். அதில் பொறித்திருப்பது எஃகு நெஞ்சம் கொண்ட ஸ்டாலின்கிராட் குடிமக்களுக்கு என்று. படைக்கு என்று இல்லை. டாக்டர், உங்கள் பாட்டியும் அந்தக் குடிமக்களில் ஒருவர்தானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீளமானாலும் பரவாயில்லை. பாவ்லவ் வீடு என்ற குடியிருப்புக் கட்டடத்தை 58 நாள் காத்த வீரர்களைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த வீட்டை மறுபடி கட்டியவர்களை யாரும் சொல்வதில்லை. அலெக்சாந்திரா செர்கசோவா என்று ஒரு பாலர் பள்ளி ஊழியர். 1943 கோடையில், போருக்குப் போனவர்களின் மனைவிமாரைச் சேர்த்துக்கொண்டு, வேலை நேரம் முடிந்த பிறகு சம்பளமில்லாமல் அந்த இடிபாட்டில் கல் சுமந்தார். அதைப் பார்த்து ஊர் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். நகரத்தைக் காத்தவர்கள் என்ற பட்டியலில் நான் அந்தப் பெண்களையும் எழுதுவேன்.

பழைய_ஹவில்தார்:

டீச்சரம்மா, அந்தப் பீரங்கிப் பெண்கள் விஷயத்தில் முழுசாக உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். பீரங்கியை விட்டு நகராதவர் யாராக இருந்தாலும் சிப்பாய்தான். குடிமக்கள் என்று வாளில் இருப்பது எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன்.

வரலாற்று_டீச்சர்:

நன்றி சார். படைவீரர்களுக்கான மரியாதைகூட அங்கே எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகப் போர் முடிந்து மூன்றே வருடத்தில், 1948-இல், வெற்றி நாளான மே 9-க்கான விடுமுறையை எடுத்துவிட்டார்கள். பதக்கம் பெற்றவர்களுக்கு மாதாமாதம் வந்த சிறு தொகையும் அந்த ஆண்டோடு நின்றது. கை கால் இழந்தவர்கள் சந்தையிலும் ரயிலிலும் பிச்சை எடுத்த காலம் அது. மே 9 மறுபடி விடுமுறையானது 1965-இல், இருபதாம் ஆண்டில்தான். அந்த 17 வருடமும் வீரர்கள் இளமையாக, பசியோடு, உதவி தேவைப்பட்டவர்களாக இருந்தார்கள். இன்றைக்கு இருக்கும் அணிவகுப்பும் பூவும் அவர்களுக்கு அப்போது கிடைத்திருக்க வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கரிசல்_காற்று:

1965 வரை விடுமுறையே இல்லையா? இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கவென்ட்ரி_தமிழன்:

வாள் பேச்சு வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். நான் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். 1940 நவம்பர் 14 ராத்திரி இந்த ஊரையும் ஜெர்மன் விமானங்கள் கொளுத்தின. இடிந்த பேராலயத்தை இடித்தபடியே வைத்திருக்கிறார்கள், நகரத்தின் நடுவில் கூரையில்லாமல் நிற்கிறது.

ஸ்டாலின்கிராட் செய்தி வந்தபோது இந்த ஊர்ப் பெண்கள் ஒரு மேசை விரிப்பு தைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, தங்கள் பெயரை அதில் நூலால் பின்னினார்கள். பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவி மேல் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் இருக்கிறது. அந்த விரிப்பும் காசும் ஸ்டாலின்கிராடுக்குப் போயின. 1944-இல் இரண்டு ஊரும் சகோதர நகரங்கள் ஆயின. உலகத்தில் இப்படி இரண்டு நகரங்கள் இணைந்ததில் இதுதான் முதல் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். விரிப்பு இன்னும் வோல்கோகிராட் பனோரமா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாளும் அங்கேதான். இரண்டில் எதைப் பார்க்க ஆசை என்று கேட்டால் நான் விரிப்பைத்தான் சொல்வேன். குண்டு விழுந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் இன்னொரு குண்டு விழுந்த ஊரின் பெண்களுக்கு எப்படி மரியாதை செய்வது என்று தெரிந்திருக்கிறது.

நம் சென்னைக்கும் வோல்கோகிராட் சகோதர நகரம்தான், 1960களிலிருந்து. எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

நெய்தல்_நிலவன்:

எல்லாம் சரி, ஆனால் யாரும் அந்தப் பெயரைப் பற்றிப் பேசவில்லையே. டாக்டர் முதல் பதிவில் 'சில நாட்களுக்கு ஸ்டாலின்கிராட்' என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அங்கேதான் முள் குத்துகிறது.

ஸ்டாலின் பெயரில் அந்த ஊர் இருந்தது 1925 முதல் 1961 வரை. அதற்கு முன் சாரித்ஸின், அப்புறம் வோல்கோகிராட். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பெயர் திரும்பி வருகிறது. 2023-இல் 80-வது ஆண்டை ஒட்டி அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஸ்டாலினுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2025-இல் விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராட் என்று பெயர் மாற்றினார்கள். இதெல்லாம் பழைய வீரர்களுக்கான மரியாதை என்ற பெயரிலேயே நடக்கிறது. போருக்கு முன்பே தன் படைத் தளபதிகளையே ஆயிரக்கணக்கில் சிறையிலும் சுடுகளத்திலும் தள்ளியவர் அவர். ஜெர்மனியிடம் கைதியாகிப் பிழைத்துத் திரும்பிய எத்தனையோ சிப்பாய்களைத் துரோகி என்று சந்தேகித்து முகாமுக்கு அனுப்பிய ஆட்சி அது. பாட்டி கதையிலேயே பாருங்கள், ஊர் மக்களைப் பெரிய அளவில் அக்கரைக்கு அனுப்பத் தொடங்கியதே குண்டு விழுந்த பிறகுதான். அந்த ஏழு வயதுப் பிள்ளை ஏன் அந்தக் குழியில் இருந்தது என்று கேட்டால் பாதிப் பதில் அந்தப் பெயரில் இருக்கிறது. நகரம் நினைவுகூர வேண்டியது மக்களை. தலைவரைத் தூக்கி நிறுத்த அந்த நாளைப் பயன்படுத்தக் கூடாது. இன்றைய போருக்கு ஆள் சேர்க்கவும் அந்தத் தாத்தாக்களின் பதக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது.

பழைய_ஹவில்தார்:

நிலவன், உங்கள் கோபம் நியாயம். ஒரே ஒரு திருத்தம். அந்த வீரர்களின் பதக்கத்தில் பொறித்திருப்பது ஸ்டாலின்கிராட் என்றுதான். கூட்டாளி செத்த இடத்தை அவன் செத்தபோது இருந்த பெயரால்தான் ஒரு சிப்பாய் சொல்வான். அதை வைத்து அவனை ஸ்டாலின் பக்தன் என்று நினைக்கக் கூடாது. எங்கள் யூனிட்டில் இப்போதும் பழைய முகாம்களைப் பழைய பெயரில்தான் சொல்லிக்கொள்வோம்.

நெய்தல்_நிலவன்:

அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. வீரர்கள் வாயில் வரும்போது அது நினைவு. விமான நிலையப் பலகையில் வரும்போதுதான் வேறாகிறது.

வோல்கா_டாக்டர்:

பாட்டி இரண்டு பெயரையும் சொல்வார், தனக்கே தெரியாமல். "ஸ்டாலின்கிராடில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு செர்ரி மரம்" என்பார். அடுத்த நிமிடமே "இந்த வோல்கோகிராடில் உருளைக்கிழங்கு விலையைப் பார்த்தாயா" என்பார். பெயர் மாற்ற வேண்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "பலகைக்குச் செலவழிக்கிற காசில் எங்கள் படிக்கட்டுக்கு விளக்குப் போடட்டும்" என்றார். ஊரில் நான் பழகியவர்களில் நிறையப் பேர் அந்த மனநிலையில்தான் இருந்தார்கள்.

அவரைப் போன்றவர்கள் தங்களை 'ஸ்டாலின்கிராடின் குழந்தைகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். பாட்டி அந்தக் கூட்டங்களுக்குப் போனதில்லை. ஆனால் ஒரு வருடம் மமாயெவ் குர்கான் என்ற நினைவுக் குன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவ வரைபடத்தில் அந்தக் குன்றுக்கு 102.0 என்றுதான் பெயர். கை மாறி மாறிப் போன இடம். 1943 வசந்தத்தில் அங்கே புல்லே முளைக்கவில்லை, ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஐந்நூறுக்கும் மேல் உலோகச் சில்லுகள் கிடந்தன என்பார்கள். இப்போது 200 நாளுக்கு 200 படி. மேலே வாளை ஓங்கி நிற்கும் அந்த அன்னையின் சிலை, வாளோடு சேர்த்து 85 மீட்டர். 1967-இல் திறந்தது.

பாட்டி சிலையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நேரே அந்த வட்ட மண்டபத்துக்குப் போனார். சுவரைச் சுற்றிக் கீழிறங்கும் 34 கொடிகளில் 7,200 பெயர்கள். நடுவில் ஒரு கை தீப்பந்தம் பிடித்திருக்கும். மெல்லிசாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமானுடையது என்று பாட்டிதான் சொன்னார். "அவர்களும் அழுதிருப்பார்கள் இல்லையா" என்றார். தம்பியைப் பறிகொடுத்தவர் அதைச் சொன்னார். நான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மண்_தோண்டி:

டாக்டர், நானும் அங்கே படித்தவன், உங்களுக்குப் பிறகு. கூடப் படித்த ரஷ்ய நண்பனோடு ஒரு வசந்த காலத்தில் தேடல் குழுவுடன் புல்வெளிக்குப் போனேன். ஒவ்வொரு ஆண்டும் தன்னார்வலர்கள் போய்ப் போரில் செத்த சிப்பாய்களின் எலும்புகளை இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மெட்டல் டிடெக்டர், நீளமான இரும்புக் கம்பி, மண்வெட்டி, கடைசியில் கையால்.

சோவியத் சிப்பாய்க்கு அப்போது உலோக அடையாள வில்லை கிடையாது. சுண்டுவிரல் அளவுக்குக் கருப்பு எபோனைட் குப்பி. உள்ளே ஒரு சுருட்டிய காகிதம், பெயர், ஊர், வீட்டார் விவரம் எழுத. அதை நிரப்பினால் சாவு வரும் என்று பயந்து பலர் வெறுமையாகவே வைத்திருந்தார்கள். சிலர் காகிதத்தை எறிந்துவிட்டு ஊசியும் நூலும் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் போன அன்று ஒரு குப்பி கிடைத்தது. குழுத் தலைவர் திறக்காமல் துணியில் சுற்றி ஆய்வுக்கு அனுப்பினார், ஈரக் காகிதம் அவசரப்பட்டால் கிழிந்துவிடும். இரண்டு மாதம் கழித்து நண்பன் சொன்னான், காகிதம் வெறுமையாக இருந்ததாம். அன்றைக்கு எங்கள் குழுவில் இருந்த எல்லோருக்கும் துக்க வீட்டில் இருப்பது போல இருந்தது.

எடுத்தவர்களை ரஸ்ஸோஷ்கா என்ற இடத்தில் புதைக்கிறார்கள். ஒரு பக்கம் சோவியத் கல்லறை, சாலைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் கல்லறை. ஜெர்மன் பக்கத்தில் பெரிய கருங்கல் கனசதுரங்களில், உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். சரணடைந்த சுமார் 91,000 பேரில் வீடு திரும்பியவர் ஆறாயிரம் பேர் இருந்தால் அதிகம். 1999-இல் அந்தக் கல்லறை திறந்தபோது ஊரில் எதிர்ப்பு இருந்ததாம், புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் சொந்த ஊரின் ஒரு பாட்டி இரண்டு பக்கமும் போய்ப் பூ வைத்ததை நான் பார்த்தேன்.

பழைய_ஹவில்தார்:

வெறும் காகிதம் என்று படித்ததும் எழுந்து போய் என் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து அடையாள வில்லையை எடுத்துப் பார்த்தேன். நம்பர், பெயர், ரத்த வகை எல்லாம் இருக்கிறது. இது கழுத்தில் இருந்த வரை இதன் அருமை தெரியவில்லை.

ஸ்டாலின்கிராடைக் காத்த 62-வது படையின் தளபதி சுய்கோவ் மார்ஷல் பதவி வரை போனவர். மாஸ்கோவில் பெரிய இடம் கிடைத்திருக்கும். 1982-இல் அவர் இறந்தபோது, அவர் கேட்டபடியே மமாயெவ் குர்கானில் தன் சிப்பாய்கள் கிடக்கும் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். ஒரு அதிகாரி தன் ஆட்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட எனக்குத் தெரியாது.

தம்பி டாக்டர், முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பெயர் எழுதாமல் போன சிப்பாயும், கணக்கில் வராமல் குழியில் செத்த அந்தச் சின்னப் பையனும் ஒரே மண்ணில்தான் கிடக்கிறார்கள். இங்கே உட்கார்ந்து தனித்தனியாகப் பிரிக்க நான் யார்?

மூன்றாமாண்டு_மாணவி:

வணக்கம் அண்ணா, அக்கா, ஐயா எல்லோருக்கும். நான் இப்போது அங்கே மூன்றாமாண்டு படிக்கிறேன். இழை முழுவதையும் வகுப்பு இடைவேளையில் படித்தேன். போரில் 18 வயதில் இருந்தவருக்குக்கூட இப்போது நூறு வயது தாண்டிவிடும், அதனால் சதுக்கத்தில் நாற்காலிகள் ரொம்பக் குறைந்துவிட்டன. அணையா விளக்கின் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் காவல் நிற்பது மட்டும் மாறவில்லை, 1965-இலிருந்து நடக்கிறதாம். என் வகுப்புத் தோழி பள்ளியில் படிக்கும்போது நின்றிருக்கிறாள். கண் இமைக்காமல் நிற்கப் பழக்குவார்கள் என்றாள்.

பிப்ரவரி 2 அன்று நானும் விடுதித் தோழிகளும் போகப்போகிறோம். டாக்டர் அண்ணா, உங்கள் பாட்டி இப்போது இருக்கிறாரா? இருந்தால் போய்ப் பார்க்கிறோம், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

வோல்கா_டாக்டர்:

இல்லை தங்கச்சி. 2019-இல் போய்விட்டார். நான் அப்போது ஊரில், பணியில் இருந்தேன், போக முடியவில்லை. வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் சொன்னார்.

கல்லறை ரொம்பத் தூரம், பனியில் நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சதுக்கத்தில் அணையா விளக்குக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாப்லர் மரம் இருக்கிறது, போரைக் கடந்து நின்ற மரம், உடம்பெல்லாம் தழும்பு. பாட்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுவிட்டுத்தான் நடப்பார். அதன் அடியில் வைத்தால் போதும்.

பூக்காரம்மா எப்படியும் கேட்பார். நான்கு என்று சொல்லுங்கள். இரண்டு பாட்டிக்கு, இரண்டு அவர் தம்பிக்கு.